பழைய படங்களுக்கும் கோவில் ஆவணங்களுக்கும் டேக் போடுவது எப்படி? டர்பன் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

படத்தைத் திருப்பினால் நீல மையில் ஒரு வரி: "காவடி 62, ஆயா, கிரே ஸ்ட்ரீட் மாமா." ஸ்கேன் செய்து கணினியில் போட்டதும் அந்தப் படத்தின் பெயர் "ஸ்கேன் 0047" ஆகிவிடுகிறது. பின்பக்கத்து வரி அட்டைப்பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த தைப்பூசத்துக்கு யாராவது "ஆயா காவடி எடுத்த படம் இருக்கா?" என்று கேட்டால், ஆயிரம் பைலையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

அந்தப் பின்பக்கத்து வரியைப் படத்தோடு சேர்த்துத் தைப்பதுதான் டேக் போடும் வேலை. படத்தில் இருப்பது யார், எங்கே, எப்போது எடுத்தது, யாரிடமிருந்து வந்தது என்ற தகவல் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் மெட்டாடேட்டா, தமிழில் மேனிலைத் தரவு. அதில் தேடிப் பிடிப்பதற்கென்றே போடும் சிறு சொற்கள் டேக்குகள், அதாவது குறிச்சொற்கள்.

வீட்டு ஆல்பங்களையோ, கோவில் அலமாரியிலும் தமிழ்ச் சங்க அறையிலும் கிடக்கும் படங்களையோ கணினிக்கு மாற்றத் தொடங்குபவர்களுக்கு இது. டர்பனில் இந்த வேலைக்கு ஓர் அவசரம் இருக்கிறது. ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் குடியிருப்புப் பகுதி என்று வகுத்து 1950-இல் வந்த குழுப் பகுதிகள் சட்டத்தால் கேட்டோ மேனர், மேகசின் பேரக்ஸ் போன்ற இடங்களில் இருந்த குடும்பங்கள் பெயர்க்கப்பட்டு, 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்கும் 1976-க்குப் பிறகு ஃபீனிக்ஸுக்கும் போய்ச் சேர்ந்தன. படத்தில் தெரியும் வாசலும் தெருவும் பல சமயம் இன்று கிடையாது. அவற்றைப் பார்த்ததும் "இது இன்னார் வீடு" என்று சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயது. மென்பொருளைக் கற்றுக்கொண்டு பிறகு பெரியவர்களிடம் போகலாம் என்று இருக்காதீர்கள். இந்த வாரமே போய் உட்காருங்கள். போனில் குரல்பதிவை ஓடவிட்டு, படத்தின் எண்ணை உரக்கச் சொல்லிவிட்டு, அவர்களைப் பேசவிடுங்கள். மென்பொருளைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

முதலில் எண்

எண் இல்லாமல் தொடங்கினால் பாதி வழியில் எந்த பைல் எந்தக் காகிதப் படம் என்று தெரியாமல் போய்விடும். 03-012-007 என்பது போல எண் கொடுங்கள்: மூன்றாம் பெட்டி, பன்னிரண்டாம் ஆல்பம் அல்லது கவர், ஏழாவது படம். முன்னால் வரும் பூஜ்யங்களை விடக்கூடாது. விட்டால் பல மென்பொருள்கள் 10-ஐ 2-க்கு முன்னால் வரிசைப்படுத்திவிடும். பின்பக்கத்தையும் தவறாமல் ஸ்கேன் செய்து 03-012-007-2 என்று பெயரிடுங்கள். பின்பக்கக் கையெழுத்தும் ஓர் ஆதாரம்தான். அது ஏன் என்று பின்னால் வருகிறது.

பைல் பெயரில் ஆள் பெயரோ வருடமோ வேண்டாம். "முனியம்மா 1962" என்று பெயர் வைத்த பிறகு அது முனியம்மா அல்ல, அவருடைய தங்கை என்று தெரியவந்தால், பெயரை மாற்ற வேண்டும். மாற்றினால் பட்டியலில் இருக்கும் தொடர்பு அறுந்துபோகும். எண் மாறாது, டேக் மாறலாம்.

காகிதப் படத்தின் பின்னால் எழுத மென்மையான 2பி பென்சிலைப் பயன்படுத்துங்கள், ஓரமாக, அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும். 1970-களிலிருந்து வரும் பிளாஸ்டிக் பூச்சுக் காகிதத்தில் பென்சில் பிடிக்காது. அதற்குப் படத்தைத் தனிக் கவரில் போட்டு, கவரின்மேல் எழுதுங்கள்.

ஸ்கேன் பற்றிச் சுருக்கமாக: சாதாரணப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), இரண்டு மூன்று அங்குலச் சிறு படத்துக்கு 1200. மூலப் பிரதி டிஃப் என்ற பட பைல் வடிவில் இருக்கட்டும். 6க்கு 4 அங்குலப் படம் 600 டிபிஐ-யில் 3600க்கு 2400 புள்ளி, ஏறக்குறைய 26 எம்பி. அப்படி ஆயிரம் படம் 26 ஜிபிதான், இன்றைக்கு அது பெரிய இடமில்லை. உறவினர்களுக்கு அனுப்புவதற்கு ஜெபெக் பிரதி எடுத்துக்கொள்ளலாம். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள்.

டேக் எங்கே உட்காருகிறது?

புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு படத்துக்கு டேக் போட்டால் அது மூன்று இடங்களில் ஒன்றில் போய் உட்காரும்: படத்தின் பைலுக்குள்ளேயே, பைலுக்குப் பக்கத்தில் ஒரு துணைப் பைலில், அல்லது நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் சொந்தத் தரவுத்தளத்தில். மூன்றாவது இடத்தில் உட்கார்ந்த டேக், அந்த மென்பொருள் போகும் நாளில் தானும் போய்விடும்.

கூகுள் போட்டோஸில் நீங்கள் எழுதும் விளக்கம் படத்தின் பைலுக்குள் எழுதப்படுவதில்லை. மொத்தமாக இறக்கிக்கொண்டால் அது வேறொரு தனி பைலில் வரும். மேக் கணினியில் பைலுக்குப் போடும் வண்ணக் குறிகள் அந்தக் கணினியின் பைல் அமைப்பில்தான் இருக்கும். பென் டிரைவில் போட்டு விண்டோஸ் கணினியில் திறந்தால் தெரியாது. விண்டோஸில் பைலின் பண்புகள் பக்கத்தில் போடும் டேக், ஜெபெக், டிஃப் இரண்டிலும் பைலுக்குள் எழுதப்படும். பிஎன்ஜி படத்துக்கு அந்த வசதி கிடையாது.

பைலுக்குள் எழுதும் முறைகளும் மூன்று. எக்ஸிஃப் என்பது கேமராவும் ஸ்கேனரும் தாமாக எழுதுவது: தேதி, லென்ஸ், இருப்பிடம். ஐபிடிசி என்பது செய்தி நிறுவனங்களுக்காக 1990-களின் தொடக்கத்தில் வந்த பழைய முறை. எக்ஸ்எம்பி 2001-இல் அடோபி கொண்டுவந்தது, 2012-இல் பன்னாட்டுத் தரமும் ஆனது. தமிழில் எழுதுபவர்களுக்கு எக்ஸ்எம்பிதான் பாதுகாப்பான இடம், ஏனென்றால் அது முழுக்க யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டில், இயங்குகிறது.

ஐபிடிசியில் தமிழுக்கு என்ன ஆகிறது என்பதை ஒரு சொல்லை வைத்துப் பாருங்கள். பழைய ஐபிடிசியில் ஊர்ப்பெயருக்கு 32 பைட், குறிச்சொல் ஒன்றுக்கு 64 பைட் இடம். ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட். யூனிகோட் தமிழிலோ ஒவ்வொரு குறியும் 3 பைட், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். "பீட்டர்மாரிட்ஸ்பர்க்" என்பது 20 குறி, 60 பைட். ஊர்ப்பெட்டியில் அது பத்துக் குறியோடு நறுக்கப்பட்டு "பீட்டர்மார" என்று நிற்கும். மிச்சம் இரண்டு பைட் சில மென்பொருளில் ஒரு கறுப்புக் கேள்விக்குறியாகத் தெரியும். குறிச்சொல்லிலும் "சுப்பிரமணியர் கோவில்" 58 பைட்டில் நுழைந்துவிடும், "கிளேர்வுட் சுப்பிரமணியர் கோவில்" 89 பைட், நுழையாது. இடத்தையும் கோவிலையும் தனித்தனி டேக்காக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மென்பொருள் எது? டிஜிகாம். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், தமிழ் யூனிகோடைச் சரியாகக் கையாளும். நிறுவியதும் அமைப்புகளில் மெட்டாடேட்டா பக்கத்துக்குப் போய், டேக், தலைப்பு, விளக்கம், முகப் பெயர் ஆகியவற்றைப் பைலுக்குள் எழுது என்ற கட்டங்களில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் ஆறு மாதம் போட்ட டேக்கெல்லாம் அதன் தரவுத்தளத்தில் மட்டும் இருக்கும். அந்தத் தரவுத்தளத்தைக் கணினியின் உள்வட்டில் வையுங்கள். பென் டிரைவிலோ பகிர்வு வட்டிலோ வேண்டாம்.

பிறகு ஒரு சோதனை. ஒரே ஒரு படத்துக்கு "சோதனை" என்று தமிழில் டேக் போடுங்கள். அதை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய், டிஜிகாம் இல்லாத வேறொரு கணினியில் திறந்து, பண்புகளில் அந்தச் சொல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியும் வரை இரண்டாவது படத்தைத் தொடாதீர்கள்.

சொற்பட்டியல் இல்லாமல் ஒரு டேக்கும் போடாதீர்கள்

தோன்றிய சொல்லை அப்போதைக்கப்போது போட்டுக்கொண்டே போனால் மூன்று மாதத்தில் "கோவில்", "கோயில்", "ஆலயம்", "டெம்பிள்" நான்கும் இருக்கும். ஒவ்வொன்றிலும் கால்வாசிப் படம் இருக்கும், எதைத் தேடினாலும் முக்கால்வாசி கிடைக்காது. டேக் போடாமல் இருப்பதைவிட இது மோசம், ஏனென்றால் கிடைத்ததுதான் எல்லாம் என்று நம்பிவிடுவோம்.

எக்செல் ஷீட் ஒன்றில் நான்கு பத்தி போடுங்கள்: முதன்மைச் சொல், மாற்றுச் சொற்கள், எப்போது போட வேண்டும், எப்போது போடக்கூடாது. நாலாவது பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வேலை செய்பவர் மாறும்போது உதவுவது அதுதான். தொடக்கத்தில் 50 சொல் போதும். யார், எந்த இடம், என்ன நிகழ்வு, என்ன பொருள், யாரிடமிருந்து வந்தது என்ற ஐந்து தலைப்பின் கீழ் அவற்றைக் கிளைகளாக அடுக்குங்கள். தேதிக்கு டேக் வேண்டாம், அதற்குத் தனிப் பெட்டி இருக்கிறது.

சொல்லைத் தேர்வதில் சில முடிவுகளை முன்பே எடுத்துவிட வேண்டும். வேற்றுமை உருபு சேர்க்காதீர்கள்: "டர்பனில்" அல்ல, "டர்பன்". ஒருமையா பன்மையா என்று ஒன்றை முடிவு செய்யுங்கள். "காவடி" என்றால் எங்கும் "காவடி". ஒரே நிகழ்வுக்கு இங்கே பல பெயர் உண்டு. ஆடி மாதத்துக் கூழ் ஊற்றுதலைப் பாதிப்பேர் "போரிட்ஜ் ப்ரேயர்ஸ்" என்றுதான் சொல்வார்கள். தெருக்கூத்துக்கு "சிக்ஸ் ஃபுட் டான்ஸ்" என்று பெயர். தீமிதியைச் சிலர் பூமிதி என்பார்கள். முதன்மைச் சொல் தமிழில் இருக்கட்டும். கூடவே ஆங்கில எழுத்தில் மக்கள் வழங்கும் பெயரையும் இன்னொரு டேக்காகச் சேருங்கள். வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் தட்டித் தேடுவார்கள். தமிழ் டேக் மட்டும் போட்டால் அந்தப் படங்கள் அவர்களுக்கு இல்லாதது போலவே. ஆங்கில டேக் மட்டும் போட்டால், எந்தச் சொல்லால் அந்த நிகழ்வை நம் வீட்டில் அழைத்தோம் என்பது இன்னும் ஒரு தலைமுறையில் மறந்துபோகும்.

நிகழ்வின் பெயரைத் தேவையான அளவுக்குப் பிரியுங்கள். தென்னாப்பிரிக்காவில் காவடி தைப்பூசத்துக்கும் உண்டு, சித்திரா பௌர்ணமிக்கும் உண்டு. "காவடி" என்பதன் கீழ் "தை", "சித்திரை", "தெரியவில்லை" என்று மூன்று கிளை வையுங்கள். இசிப்பிங்கோவிலும் மவுன்ட் எட்ஜ்கோமிலும் மாரியம்மன் திருவிழா ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும். படத்தின் பின்னால் "குட் ஃபிரைடே" என்று எழுதியிருந்தால் அது தேவாலயம் என்று நினைத்து டேக் போட்டுவிட வாய்ப்புண்டு. பட்டியலின் நாலாவது பத்தியில் எழுத வேண்டியது இப்படிப்பட்ட எச்சரிக்கைகளைத்தான்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துப் பிழைகள்

தமிழில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு சொல் கணினிக்கு இரண்டாக இருக்கலாம். "கௌரி" என்பதை "கெளரி" என்று, அதாவது ஒற்றைக் கொம்பும் ளகரமும் சேர்த்துத் தட்டுபவர்கள் ஏராளம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடினால் ஒன்று மற்றொன்றோடு சேராது. "கோ" என்பதில் ஓகாரக் குறி ஒரே துண்டாகவும் இருக்கலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகவும் இருக்கலாம். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய உரையில் இரண்டாவது வகை அடிக்கடி வரும். கோவில் பெயர்களின் முன்னால் வரும் "ஸ்ரீ"யும் இப்படித்தான்: ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீ இன்னொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம்.

கண்டுபிடிக்க எளிய வழி பின்னழிப்பு விசை. கர்சரை எழுத்துக்குப் பின்னால் வைத்து ஒருமுறை அழுத்துங்கள். "கோ" போய் "க" மட்டும் நின்றால் சரியான ஒற்றைக் குறி. "கே" நின்றால் இரண்டு துண்டு. "கௌ" அழிந்து "க" நின்றால் சரி, "கெ" நின்றால் தவறு. ஸ்ரீ விஷயத்தில் இரண்டு வடிவமும் புழக்கத்தில் இருக்கின்றன. அதனால் டேக்கில் ஸ்ரீயையே விட்டுவிடுவது நல்லது. கோவிலின் முழுப்பெயர் விளக்கத்தில் இருக்கட்டும்.

இந்தத் தொல்லை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, டேக்கைக் கையால் தட்டாமல் இருப்பது. பட்டியலில் ஒருமுறை சரியாகத் தட்டி, டிஜிகாமின் டேக் மரத்தில், அதாவது கிளை கிளையாக விரியும் டேக் பட்டியலில், ஏற்றிவிட்டு, அதன் பிறகு மரத்திலிருந்து டிக் செய்து மட்டும் போடுங்கள். இரண்டு பேர் வேலை செய்தால் புதுச் சொல் சேர்க்கும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் வெற்றிடமும் இப்படித்தான் தடுக்கப்படும்.

இடப்பெயர்

டர்பன் படங்களில் அதிக நேரம் பிடிப்பது இது. கிரே ஸ்ட்ரீட் 2008-லிருந்து டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட். பிரின்ஸ் எட்வர்ட் ஸ்ட்ரீட் டாக்டர் கூனம் ஸ்ட்ரீட் ஆனது, விக்டோரியா ஸ்ட்ரீட் பெர்த்தா ம்கீசே ஸ்ட்ரீட் ஆனது. ஸ்டேங்கர் இன்று குவாடுகூசா. நேட்டால் 1994-இல் குவாசூலு-நேட்டால் ஆனது. எந்தப் பெயரைப் போடுவது?

மூன்று விதி போதும். டேக்கில் இன்றைய பெயர் முதன்மை, பழைய பெயர் மாற்று, இரண்டையும் போடுங்கள். விளக்கத்தில் படத்தின் பின்னால் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே, எழுத்து மாறாமல். இன்று இல்லாத இடத்துக்கு இன்றைய பெயரைத் திணிக்காதீர்கள். மேகசின் பேரக்ஸில் எடுத்த படத்துக்கு மேகசின் பேரக்ஸ்தான் டேக். அந்தக் குடும்பம் இப்போது சாட்ஸ்வொர்த்தில் இருப்பதால் சாட்ஸ்வொர்த் என்று போட்டால், இருந்த ஊரை இரண்டாம் முறை அழிப்பதாகிவிடும்.

ஒரே பெயரில் இரண்டு இடம் இருந்தால் பிரித்துக் காட்டுங்கள். "ஃபீனிக்ஸ்" என்று மட்டும் போட்டால், 1904-இல் காந்தி தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பா, 1976-இல் உருவான நகர்ப்பகுதியா என்று தெரியாது. "ஃபீனிக்ஸ் குடியிருப்பு", "ஃபீனிக்ஸ் நகர்" என்று இரண்டு டேக் வையுங்கள்.

வரைபடத்தில் இடம் குறிக்கும்போது ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. டர்பன் 29.85 தெற்கு, 31.02 கிழக்கு. தெற்கு என்பதற்கான கழித்தல் குறியை விட்டுவிட்டு 29.85, 31.02 என்று தட்டினால் படம் எகிப்தில், கெய்ரோவுக்குத் தென்மேற்கே பாலைவனத்தில் போய் விழும். எண்ணைத் தட்டுவதைவிட வரைபடத்தில் கிளிக் செய்வது மேல்.

ஆள் பெயர்

"ஆயா", "மாமா", "பெரியம்மா" என்பவை டேக் ஆகாது. உங்களுக்குப் பெரியம்மா இன்னொருவருக்கு அம்மா. ஆனால் விளக்கத்தில் அந்தச் சொல்லைக் கட்டாயம் அப்படியே எழுதுங்கள், ஏனென்றால் எழுதியவர் யார் என்று தெரிந்தால் உறவு தானாகப் பிடிபடும். முதலில் பார்த்த படத்தையே எடுத்துக்கொள்வோம். கையெழுத்து ஆல்பம் தந்தவருடையது என்றால் ஆயா அவருடைய பாட்டி. அதே வரியை அவருடைய அம்மா எழுதியிருந்தால், படத்தில் இருப்பவர் அம்மாவுக்கு ஆயா, ஆல்பம் தந்தவருக்குக் கொள்ளுப்பாட்டி; மாமாவும் ஒரு தலைமுறை மேலே போய்விடுகிறார். பின்பக்கத்தை ஸ்கேன் செய்யச் சொன்னது இதற்காகத்தான்: அதே ஆல்பத்தின் மற்ற கையெழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இன்னொன்றும் கவனியுங்கள். "கிரே ஸ்ட்ரீட் மாமா" என்றால் கிரே ஸ்ட்ரீட்டில் குடியிருந்த அல்லது கடை வைத்திருந்த மாமா. படம் அங்கே எடுத்தது என்று பொருளில்லை. இடத்துக்கு கிரே ஸ்ட்ரீட் டேக் போடக்கூடாது.

பெயர்களின் எழுத்துக்கூட்டு இங்கே ஒரு தனிச் சிக்கல். 1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து 1911 வரை ஒப்பந்தத்தில் வந்தவர்கள் ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் பேர். அவர்கள் பெயரைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். முதலியார் மூட்லி ஆனார், முடாலி ஆனார். சுப்பிரமணி சூப்ரமோனி ஆனார். ஒரே அப்பாவின் பிள்ளைகள் அடையாள அட்டையில் வெவ்வேறு எழுத்துக்கூட்டோடு இருப்பதும் உண்டு. டேக்கில் ஒரு ஆளுக்கு ஒரு வடிவம் மட்டும்: அவருடைய கடைசி அதிகாரபூர்வ ஆவணத்தில் உள்ளபடி. மற்ற வடிவங்கள் எல்லாம் சொற்பட்டியலின் மாற்றுச் சொல் பத்தியில் இருக்கட்டும்.

ஒரே பெயரில் நான்கு முனியம்மா இருந்தால் பிறந்த வருடத்தையோ கணவர் பெயரையோ சேர்த்துப் பிரியுங்கள். முதல் தலைமுறைக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலில் குடியேற்ற எண் ஒன்று உண்டு. தகப்பனார் பெயர், ஜில்லா, கிராமம் எல்லாம் அந்த எண்ணின் கீழ்தான் பதிவாகியிருக்கும். குடும்பத்தில் அந்த எண் தெரிந்தால் அதையே பெயரோடு சேர்த்து டேக்காக வையுங்கள். எழுத்துக்கூட்டு எத்தனை மாறினாலும் எண் ஒன்றுதான்.

முகத்தைத் தானாக அடையாளம் காணும் வசதி டிஜிகாமில் இருக்கிறது. நேரம் மிச்சமாகும், ஆனால் அக்கா தங்கையையும், அப்பா மகனையும் அது குழப்பும். அது சொல்வதை ஆலோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் ஒப்புக்கொண்ட பிறகே உறுதி செய்யுங்கள். தெரியாத முகத்துக்கு "பெயர் தெரியவில்லை" என்ற டேக் போடுங்கள். பெரியவர்களிடம் அடுத்த முறை போகும்போது அந்த டேக்கைத் தேடினால் கேட்க வேண்டிய படங்கள் தயாராக வந்துவிடும்.

தேதி

எக்ஸிஃப் தேதிப் பெட்டி நாள், மணி, வினாடி வரை கேட்கும். ஸ்கேனர் அதில் ஸ்கேன் செய்த நாளைப் போட்டுவிடும். 1962-இல் எடுத்த காவடி 2025-இல் எடுத்ததாக வரிசையில் வந்து நிற்கும். எடுத்த தேதி, கணினிக்கு மாற்றிய தேதி என்று இரண்டு பெட்டிகள் உண்டு. ஸ்கேன் தேதி இரண்டாவதில் இருக்கட்டும்.

வருடம் மட்டும் தெரிந்தால் முதல் பெட்டியில் ஜனவரி 1 என்று போடுவார்கள். அப்படிப் போட்டால் "தேதி தோராயம்" என்ற டேக்கையும் சேர்த்தே போடுங்கள், இல்லாவிட்டால் புத்தாண்டுப் படம் என்று ஆகிவிடும். உண்மையான நிலையை விளக்கத்தில் எழுத 2019-இல் பன்னாட்டுத் தரத்தில் சேர்ந்த ஒரு எளிய முறை இருக்கிறது: 1962? என்றால் சந்தேகம், 1962~ என்றால் 1962 வாக்கில்.

பின்னால் எதுவும் எழுதாத படத்துக்குப் படமே சாட்சி சொல்லும். கடைப் பலகையில் விலை ஷில்லிங்கில் இருந்தால், தென்னாப்பிரிக்கா ராண்டுக்கு மாறிய 1961 பிப்ரவரி 14-க்கு முந்தையதாக இருக்கலாம். பலகை மாறாமல் சில மாதம் தொங்கியிருக்கவும் கூடும், அதனால் ~ குறி போடுங்கள். கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால் பெரும்பாலும் 1976-க்குப் பிறகு, ஏனென்றால் இங்கே ஒளிபரப்பு தொடங்கியதே அந்த ஜனவரியில்தான். பள்ளியில் பறக்கும் கொடி 1994 ஏப்ரலுக்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடும், ஏனென்றால் நாட்டுக்கொடி அப்போதுதான் மாறியது. இப்படிக் கணித்த தேதிக்கு எதை வைத்துக் கணித்தீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

உட்கார்ந்து போடும் முறை

ஒரு கவரைத் திறந்ததும் அதில் உள்ள எல்லாப் படங்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றுக்கும் பொதுவானதை முதலில் போடுங்கள்: யாரிடமிருந்து வந்தது, எந்தப் பெட்டி. பிறகு ஒரே நிகழ்வின் படங்களைத் தேர்ந்தெடுத்து நிகழ்வும் இடமும். கடைசியாக ஒவ்வொரு படமாக ஆட்கள். ஒரு படத்துக்கு ஐந்து முதல் பன்னிரண்டு டேக் போதும். பின்னணியில் தெரியும் வாழைமரத்துக்கெல்லாம் டேக் தேவையில்லை. "அந்தச் சொல்லைத் தட்டி யாராவது இந்தப் படத்தைத் தேடுவார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "மற்றவை" என்ற டேக்கை ஒருபோதும் உருவாக்காதீர்கள்.

முடிந்த பதிவு ஒன்று இப்படி இருக்கும்:

எண்: 03-012-007
தலைப்பு: காவடியுடன் நிற்கும் பெண்ணும் கோட் அணிந்த ஆணும்
விளக்கம்: பின்பக்கம் நீல மையில், "காவடி 62, ஆயா, கிரே ஸ்ட்ரீட் மாமா". கையெழுத்து ஆல்பம் தந்தவரின் அம்மாவுடையது. இடமிருந்து வலம்: முனியம்மா (எழுதியவரின் பாட்டி), எழுதியவரின் மாமா (பெயர் தெரியவில்லை). இடம், ஆல்பம் தந்தவர் சொன்னது.
தேதி: 1962, பின்பக்கக் குறிப்பின்படி, மாதம் தெரியவில்லை
டேக்: காவடி/தெரியவில்லை, டர்பன்/கிளேர்வுட், சுப்பிரமணியர் கோவில், முனியம்மா பிறப்பு 1898?, பெயர் தெரியவில்லை, தேதி தோராயம், பெட்டி 03

ஆட்களை எப்போதும் இடமிருந்து வலமாக எழுதுங்கள், வரிசை இருந்தால் முன்வரிசையிலிருந்து. டேக்கால் யார் இருக்கிறார்கள் என்றுதான் சொல்ல முடியும், யார் எது என்று சொல்வது விளக்கம்.

ஒலிநாடாவிலிருந்து எடுத்த தேவாரம், பஜனைப் பதிவுகளுக்கு விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் எம்பி3டேக் என்ற மென்பொருள் போதும். எம்பி3 பைலுக்குள் எழுதப்படும் ஐடி3 டேக்கின் முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்தான், தமிழ் சிதறும். இரண்டாம் பதிப்பை, யூனிகோடில் எழுதும்படி தேர்ந்தெடுங்கள். கோவில் கூட்டக் குறிப்புகளை பிடிஎஃப் ஆக்கினால் அதன் பண்புகளிலும் தலைப்பும் குறிச்சொல்லும் எழுத இடம் இருக்கிறது, அதே சொற்பட்டியலிலிருந்து நிரப்புங்கள்.

வெளியே அனுப்பும்போது

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, உள்ளே எழுதியது அத்தனையும் உதிர்ந்துவிடும். ஆவணம் என்ற வழியில் இணைத்து அனுப்பினால் பைல் அப்படியே போகும். உறவினர் திருப்பி அனுப்பும் படத்தை மூலப் படத்தின் மேல் ஒருபோதும் சேமிக்காதீர்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. உள்ளே இருக்கும் தகவல் போகக்கூடாத இடத்துக்கும் போகும். 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் போபியா, அதாவது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், உயிரோடிருப்பவர்களின் தகவலைக் காக்கிறது. மத நம்பிக்கையைத் தனிக் கவனத்துக்குரிய தகவலாக வைத்திருக்கிறது. வீட்டுக்குள் வைத்திருப்பது உங்கள் சொந்தக் காரியம். கோவிலோ சங்கமோ பொதுவில் வெளியிடும்போது உயிரோடிருப்பவரின் பெயர் டேக்குக்கு அவரிடம் கேட்டுவிட்டு வெளியிட வேண்டும். போனில் எடுத்த குழந்தைகள் படத்தில் வீட்டின் இருப்பிடம் பதிந்திருக்கும், வெளியிடும் பிரதியில் அதை நீக்குங்கள். 13 இலக்க அடையாள எண்ணை டேக்கிலோ விளக்கத்திலோ எழுதாதீர்கள். அதன் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதி.

மூலப் பிரதி ஒன்று, வேறு வட்டில் இன்னொன்று, வேறு வீட்டில் மூன்றாவது. சொற்பட்டியல் ஷீட்டையும் அந்த மூன்றிலும் வையுங்கள்.

மாதம் ஒருமுறை டிஜிகாமில் மூன்று தேடல் போடுங்கள். டேக்கே இல்லாத படங்கள் எவை? ஒரே ஒரு படத்தில் மட்டும் வரும் டேக்குகள் எவை? அவற்றில் பாதி எழுத்துப் பிழையாக இருக்கும், மரத்திலேயே சரியான சொல்லோடு இணைத்துவிடலாம். மூன்றாவது, "பெயர் தெரியவில்லை". அந்தப் படங்களை மட்டும் பெரிதாக அச்சிட்டு, ஓரத்தில் எண்ணை எழுதி, ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் கூடும் இடத்துக்கு ஒரு பென்சிலோடு கொண்டுபோங்கள்.